வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஒன்றரை வயதிலிருந்தே முகத்திலும் முன்கையிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். வெயிலில் கண் கூசி நீர் வடிகிறது. தோல் மருத்துவர் 'ஜீரோடெர்மா பிக்மென்டோசம்' என்கிறார். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். கணவர் என் தாய்மாமன் மகன். இது குணமாகுமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: கிரகணத்தை முதலில் விட்டுத்தள்ளுங்கள் அம்மா. அன்று நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தாலும் இந்தப் புள்ளிகள் வந்திருக்கும்; இது மரபணுக் கோளாறால் வரும் நோய்.

வெயிலின் புற ஊதாக் கதிர் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ.வை, அதாவது மரபுச் செய்தி எழுதப்பட்ட இரட்டை இழையை, கெடுக்கத்தான் செய்கிறது. தைமின் என்ற எழுத்து இரண்டு அடுத்தடுத்து இருந்தால், கதிர் பட்டதும் இரட்டை வாழைப்பழம்போல் ஒட்டிக்கொள்ளும். இழை அங்கே கோணிவிடும். செல்லுக்குள் இதைச் சரிசெய்வதற்கென்றே ஒரு புரதக் கூட்டம் உண்டு. ஒன்று கோணலைக் கண்டுபிடிக்கும், ஒன்று முறுக்கைப் பிரிக்கும், இரண்டு நொதிகள் இருபுறமும் வெட்டி ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டையே எடுத்துவிடும். பிறகு எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படும். இந்த நோயாளிகளின் தோல் செல்களில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968இல் காட்டினார். கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தாலும் பழுது அப்படியே நின்று, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும்.

குணப்படுத்தும் மருந்து இல்லை. பாதுகாக்காமல் விட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம் என்பதால் மழுப்பாமல் சொல்கிறேன்: இன்றே தொடங்குங்கள். முழுக்கை உடை, அகல விளிம்புத் தொப்பி, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். சன்னல் கண்ணாடி வழியாகவும் கதிர் வரும்; வீட்டிலும் வகுப்பறையிலும் தடுப்புத்தாள் ஒட்டச் செய்யுங்கள். பள்ளியை நிறுத்த வேண்டாம், விளையாட்டை மட்டும் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும், மாத்திரை தேவைப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடல் முழுவதையும் காட்டுங்கள். கண், காது, நரம்புப் பரிசோதனையும் வேண்டும். சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் குறையும். வீட்டில் யாரும் புகைபிடிக்கவே கூடாது.

அடுத்த குழந்தை விஷயம். நீங்கள் இருவரும் கெட்ட மரபணுவின் பிரதியை ஆளுக்கு ஒன்றாகச் சுமக்கிறீர்கள்; இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் இப்படி அமைவது அதிகம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் மகளின் ரத்தத்தில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தின் 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். மகளின் ரத்தப் பரிசோதனையைக் கருத்தரிக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மரபியல் ஆலோசகரிடம் போகும்போது கணவரையும், முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள்.