பற்கறை சொல்வது எந்தத் தண்ணீரை?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கிராமத்துக்குச் சென்றபோது, அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் பல பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டேன். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக் குழாய்த் தண்ணீரைச் சோதனைப் பெட்டியால் பார்த்தோம். மிகுந்தால் பல்லில் கறையேற்றும் ஃபுளோரைடு அதில் குறைவாகவே இருந்தது. பிறகு கறை எப்படி வந்தது? முகாம் முடிந்தும் விடுமுறைகளில் அந்த ஊருக்குப் போய்வருகிறேன். இதையே மேற்படிப்பாக எடுத்துக்கொள்ள ஆசை. "ஊர்ச்சேவை சோறு போடுமா?" என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: உங்கள் சோதனையும் பிள்ளைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை, அவை வெவ்வேறு காலத்தைச் சொல்கின்றன. நிலைத்த பற்களின் மேற்பூச்சான எனாமல், ஞானப்பல் நீங்கலாக, ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்த வயதுக்குள் உடலில் சேர்ந்த மிகையான ஃபுளோரைடுதான் கறையாக நிற்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முன்பல்லில் நீங்கள் பார்த்தது, அந்தப் பிள்ளை கைக்குழந்தையாகவும் பால்வாடிக்குப் போகிற வயதிலும் குடித்த தண்ணீரின் கதை. இன்றைய குழாயைச் சோதித்து அதற்கு விடை தேட முடியாது.

ஆகவே அடுத்த முறை போகும்போது தாய்மார்களிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: பிள்ளை சின்ன வயதில் எந்த ஊரில் வளர்ந்தது, அப்போது எந்தக் கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ குடித்தார்கள், இன்றைக்கு உலை வைப்பது எந்தத் தண்ணீரில். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்று நீர் குடிக்கக் கிடைத்தாலும், அது வராத நாளில் சோற்றுக்கும் குழம்புக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரையே பிடிக்கும் வீடுகள் இருக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் மறுத்துச் சொல்லுங்கள். நீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும்.

தண்ணீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் இந்தத் துறையே இப்படி ஊராரின் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், ஏர் மாடுகள் நடக்க முடியாமல் முடங்குவதை முதலில் கண்டுகொண்டவர்கள் உழவர்கள். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதே பகுதி மனிதர்களின் எலும்புகளில் ஃபுளோரைடின் பாதிப்பை விவரித்து எழுதினார்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். வேதியியலை விட்டுவிடாதீர்கள்; அதோடு புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பை நிறுவுவது குடுவையை விடக் கணக்குதான். பட்டத்துக்குப் பின் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது; போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. விறகடுப்புப் புகை பற்றிய கல்பனா பாலகிருஷ்ணனின் ஆய்வுகள் அங்கிருந்து வந்தவையே. குடிநீர் ஆய்வகங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டுப் பணியிலும் உங்கள் படிப்புக்கு வேலை உண்டு என்பதை அப்பாவிடம் சொல்லலாம். சம்பளம் மென்பொருள் நிறுவனத்தைப் போல இருக்காது என்பதையும் மறைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் பற்களைக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். சோதனைப் பெட்டியின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொன்ன அளவை ஊரில் பரப்பவும் வேண்டாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் தண்ணீரை நிறம் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்துகொண்டு, முதலில் ஊராட்சித் தலைவரிடம் சொல்லுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்காமல் பிளாஸ்டிக் புட்டியில் பிடியுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது என்று வேதியியல் மாணவிக்குச் சொல்ல வேண்டியதில்லை. புட்டியின்மேல் தேதியோடு, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.