வேகமாகச் சுழலும் சக்கரத்துக்கு எடை குறையுமா?

குறையாது. நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீளக் கம்பியின் ஒரு முனையில் கனமான சக்கரம். சும்மா இருக்கும்போது தூக்கத் திணறுகிறவர், சுற்றிவிட்டதும் ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்குகிறார். 'புவியீர்ப்பை வென்ற ரகசியம்' என்று என் மச்சான் இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். இயற்பியல் வாத்தியார் நான் ஒருவன் அதே குழுவில் இருக்கிறேன்!

பொங்கலுக்கு வந்தவரை விடவில்லை. சைக்கிள் முன்வீலைக் கழற்றி, அச்சின் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டேன். சுற்றாதபோது சக்கரம் அப்படியே படுத்துவிட்டது. அச்சைக் கிடையாகப் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் சாயவில்லை, கயிற்றைச் சுற்றி மெதுவாக வலம் வந்தது. "தராசைப் பாருங்க மச்சான்" என்றேன். முள் கொஞ்சம் ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றது.

எடை முழுக்கக் கயிற்றில்தான் இருக்கிறது. புவியீர்ப்பு உண்டாக்கும் திருப்பு விசை, சுற்றாத சக்கரத்தை நேரே கவிழ்த்துவிடும். சுற்றும் சக்கரத்துக்கோ அச்சின் திசையில் ஏற்கெனவே பெரிய கோண உந்தம், அதாவது சுழற்சியின் உந்தம், உண்டு. திருப்பு விசை அதன் திசையைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறது, அவ்வளவுதான். பம்பரம் தலையாட்டுவதும் இதனால்தான். சுழற்சி குறையக் குறைய வலம் வரும் வேகம் கூடும். மச்சான் விரலை வைத்து மறித்தார். வலம் நின்றதும் சக்கரம் பொத்தென்று சாய்ந்தது.

வீடியோக்காரருக்கு லேசாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். மணிக்கட்டை முறுக்கும் விசையோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வலம் வரும் திசையிலேயே கொஞ்சம் தள்ளிவிட்டால் சக்கரம் தானே மேலே ஏறும். கிலோ குறையவே இல்லை.

"பெரிய பேராசிரியரே வேறு மாதிரி சொன்னாரே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எரிக் லெய்த்வெயிட் 1974இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இப்படிச் சக்கரம் சுழற்றிக் காட்டி, நியூட்டன் விதிகளையே சந்தேகப்பட்டார். சுழலாமல் நேர்கோட்டில் தள்ளும் நேரியல் மோட்டாரில் மேதைதான், மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் நியூட்டன் பக்கம்தான் தராசு.

இதை வகுப்பில் காட்ட ஒரு ஸ்டாண்டு செய்யப் பள்ளி நிர்வாகத்திடம் வெல்டிங் கூலி கேட்டேன். "பரீட்சைக்கு வராததுக்கு எதுக்கு சார்?" என்றார்கள். அதே வாரம் ஆண்டு விழாச் சால்வைகளுக்கு மட்டும் பணம் இருந்தது.