சங்கத்தை ‘ஓட்டிய’ கடிதம்

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நான்தான் செயலாளர். நீர் இறைக்கும் திட்டம் பற்றி ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைக் கூட்டத்தில் தமிழில் வாசித்தேன். ‘ரன்’ என்ற சொல் ஐந்து இடங்களில் வந்தது. எல்லாவற்றுக்கும் ஓடு, ஓட்டு என்றே போட்டேன். ‘டீசல் வெளியே ஓடிவிடும்’ என்று வாசித்ததும், ‘தாங்கி ஓட்டையோ பிள்ளை?’ என்று ஒரு ஐயா கேட்க, சனம் சிரித்துவிட்டது. இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? பதிலை ஆங்கிலத்தில் எழுத, ஒத்த சொற்கள் எவை?
- வாசகி, விசுவமடு

பதில்: எத்தனை என்று கேட்டால் மலைத்துப்போவீர்கள். ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதுகிறவர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். 1989இல் வந்த பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் மிக நீளமான பதிவு. இப்போது அதை இது முந்திவிட்டது. ஆகவே ஐந்து இடத்தில் தடுமாறியதற்கு வெட்கப்படாதீர்கள். 645ஐயும் பாடமாக்கப் போகவும் வேண்டாம். ஓடுவது எது, ஓடவைப்பது யார், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சொல் எது என்று பார்த்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய வரிகளையே எடுப்போம். பம்ப் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ‘ரன்’ பண்ணும் என்பதற்கு ‘ஓடும்’ என்று போட்டது சரிதான். மோட்டர் ஓடுது, உழவு மெஷின் ஓடுது என்றுதானே சொல்கிறோம். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே. ‘அவர் பஸ் ஓடுறவர்’ என்றால் அவர் சாரதி, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவர் அல்ல.

வாய்க்காலில்தான் முதல் சறுக்கல். ஆங்கிலத்தில் தண்ணீரும் ஓடும், வாய்க்காலும் ஓடும், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியும் ஓடும். நமக்குத் தண்ணீர் ஓடும். வாய்க்காலும் வீதியும் போகும். ‘வயலோரமாகப் போகும் வாய்க்கால்’ என்று எழுதியிருந்தால் யாரும் தலை நிமிர்த்தியிருக்க மாட்டார்கள்.

சங்கத்தை ‘ரன்’ பண்ணுவது என்றால் நடத்துவது. ‘சங்கத்தை ஓட்டுகிறோம்’ என்றால், ஏதோ இழுத்துப்பறித்துக் காலத்தை ஓட்டுகிற மாதிரிக் கேட்கும். (பல சங்கங்களுக்கு அதுவும் பொருத்தம்தான், ஆனால் கடிதத்தில் எழுத முடியாதே.) திட்டம் செப்டெம்பர் வரை ‘ரன்’ பண்ணும் என்றால் அதுவரை நடக்கும். டீசல் ‘ரன் அவுட்’ என்றால் முடிந்துபோயிற்று. தாங்கியில் ஓட்டை இல்லை.

அந்த ‘அவுட்’ போன்ற சின்னச் சொற்களில்தான் ஆள் விழுவது. குறைந்துகொண்டு போனால் ‘ரன் லோ’, குளமோ கிணறோ வற்றினால் ‘ரன் ட்ரை’. ‘ரன் இன்டூ’வைப் பாருங்கள். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குள் ‘ரன்ஸ் இன்டூ’ என்றால் போய்ச் சேருகிறது. பரந்தன் சந்தியில் அதிபரை ‘ரான் இன்டூ’ என்றால் தற்செயலாகக் கண்டேன். லொறி மதிலை ‘ரான் இன்டூ’ என்றால் மோதிவிட்டது. அதிபருக்கும் மதிலுக்கும் இடம் மாறினால் பொலிசுக்குப் போகவேண்டி வரும். குளம் வான் பாய்வதை எழுத நேர்ந்தால் ‘ஸ்பில்’ என்று எழுதுங்கள். ‘ரன் ஓவர்’ நிரம்பி வழிவதையும் குறிக்கும்தான், ஆனால் வாசிக்கிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வாகனம் ஏறிய மாடு.

சரி, ஒத்த சொற்கள். அகராதியில் தேடினால் ஸ்ப்ரின்ட், ஜொக், டாஷ் என்று முதலில் ஒரு பட்டியல் வரும். எல்லாம் கால் கொண்டு ஓடும் ஓட்டம். அதில் ஒன்றை எடுத்துச் சங்கத்துக்குப் போட்டால் இந்தமுறை சிரிப்பது கடிதம் அனுப்பியவர்கள். சங்கம், கடை என்றால் ‘மனேஜ்’. மெஷின் என்றால் ‘ஒப்பரேட்’. தண்ணீருக்கு ‘ஃப்ளோ’. காலத்துக்கு ‘லாஸ்ட்’ அல்லது ‘கன்டினியூ’. இவை ஒன்றுக்கொன்று ஒத்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள்; ‘ரன்’ வீட்டில் தனித்தனி அறையில் இருப்பவை. சங்கத்தை ‘ஃப்ளோ’ பண்ண முடியாது.

தேர்தல் பேச்சு வந்தால் ஒரு வேடிக்கை. அமெரிக்கர் பதவிக்கு ‘ரன்’ பண்ணுவார்கள், பிரித்தானியர் ‘ஸ்டான்ட்’ பண்ணுவார்கள். நாங்களும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான், ஓடுகிறவர்கள் அல்ல. இலங்கையில் எழுதும்போது ‘ஸ்டான்ட்’ போடுவது என் வழக்கம்.

இன்னொன்று: ‘ஹாஸ்’, ‘ஹாவ்’, ‘ஹாட்’ வந்தால் பின்னால் ‘ரன்’தான் வரும், ‘ரான்’ வராது. ‘டீசல் ஹாஸ் ரான் அவுட்’ என்று நீங்கள் அனுப்பிய வரைவில் இருக்கிறது. அந்த ஓர் எழுத்தைத் திருத்துங்கள். சங்கம் வரும் இடத்தில் ‘மனேஜ்’ போடுங்கள். பம்ப் வரும் இடத்தில் ‘ரன்’ அப்படியே இருக்கட்டும், அதைவிட நல்ல சொல் அங்கே இல்லை.