வேலை போன பிறகு நன்றியுணர்வு வருமா? அடுத்து என்ன செய்வதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதினான்கு வருடம் இருந்த கம்பெனியில் ஆட்குறைப்பு, வெளியே வந்து ஆறு வாரம் ஆகிறது, "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு" என்று வீட்டில் சொன்னாலே எரிச்சல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எரிச்சலில் தப்பே இல்லை. கோபம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது நன்றியை மேலே பூசினால் ஒட்டாது. முதலில் கோபத்தை இறக்கி வையுங்கள்.

அமெரிக்காவில் வேலையிழந்த 63 பேரை வைத்து உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழு நடத்திய ஆய்வு 1994-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஐந்து நாள், தினம் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதினார்கள். மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்குச் சில மாதங்களில் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக வேலை தேடவில்லை. பழைய முதலாளி மேலிருந்த கசப்பு நேர்காணலில் எட்டிப் பார்க்காமல் போனதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நீங்களும் அதையே செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா, 20 நிமிட அலாரம். போன் வேறு அறையில் இருக்கட்டும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனசு கனமாக இருக்கும், அதனால் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலமே முடித்துவிடுங்கள். ஐந்து நாளோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் அதையே எழுதிக்கொண்டிருந்தால் புண்ணைக் கிளறுவதாகிவிடும்.

அடுத்த வாரம் நன்றிக்கு வாருங்கள். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை, நன்றி சொல்லத் தோன்றும் ஐந்து விஷயம் வரை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். உங்களுக்கும் வாரம் ஒருமுறை போதும். தினமும் எழுத உட்கார்ந்தால் நாலாம் நாளே "குடும்பம், ஆரோக்கியம், கடவுள்" என்று ஒப்புக்கு எழுத ஆரம்பித்துவிடுவோம்.

எதை எழுதுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "என் மனைவிக்கு நன்றி" என்றால் மனதில் ஒன்றும் அசையாது. யார், என்ன செய்தார், அதற்கு அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். நான் வாய் திறக்கும் முன்பே தன் சீட்டுப் பணத்தை எடுத்து டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பணம் அவள் தங்கைக்குச் செய்முறைக்காகச் சேர்த்தது." இப்படி எழுதினால் மனசு நெகிழ்ந்து கை தானாக நிற்கும். "சோத்துக்கே வழியில்லாதவங்க இருக்காங்க" என்று அடுத்தவர் கஷ்டத்தோடு ஒப்பிட வேண்டாம், அதில் குற்றவுணர்வுதான் மிஞ்சும். வேலை போனதற்கே நன்றி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

எழுதியதில் ஒன்றை மாதம் ஒருமுறை அந்த ஆளிடமே சொல்லுங்கள். பழைய சீனியர் என்றால் போன் பண்ணி, "அந்த ஆடிட் சமயத்தில என் தப்பை உங்க தலையில ஏத்துக்கிட்டீங்கண்ணே, அப்ப சொல்லாம விட்டுட்டேன்" என்றால் போதும். அதே அழைப்பில் வேலை கேட்காதீர்கள். கேட்டால் முன்னே சொன்னதெல்லாம் பீடிகையாகிவிடும். வேலைக்குத் தனியாக இன்னொரு நாள் பேசலாம், தவறே இல்லை.

இனி வாழ்க்கை நோக்கத்துக்கு வருவோம். ஆஸ்திரியாவில் மாரியந்தால் என்ற ஊரில் இருந்த ஒரே மில் மூடப்பட்ட பிறகு, 1931-32-ல் சமூக உளவியலாளர் மரி யஹோதாவும் குழுவினரும் அந்த ஊரை ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் நேரம் கிடைத்தது, நூலகக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது, நடுவழியில் அடிக்கடி நின்றார்கள். வீட்டுவேலை இருந்த பெண்கள் வேகமாகவே நடந்தார்கள். சம்பளத்தோடு வேலை இன்னும் ஐந்தைத் தருகிறது என்று யஹோதா பின்னால் எழுதினார்: நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு இலக்கு, சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமான செயல்பாடு. உங்களுக்கு இதில் எது அதிகம் வலிக்கிறது என்று பாருங்கள். நேரம் சிதறுகிறது என்றால் காலை ஒன்பதரைக்குக் குளித்து, சட்டை மாற்றி, மாவட்ட நூலகத்துக்குக் கிளம்புங்கள், ஒரு மணி வரை அங்கேதான். மனிதர்கள் இல்லாததுதான் வலி என்றால் நூலகம் உதவாது, வாரம் இரண்டு நாளாவது நாலு பேரோடு சேர்ந்து செய்யும் வேலை வேண்டும்.

இடையில் பணக்கணக்கையும் தள்ளிப்போடாதீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) வந்ததா? கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி வருடங்களால் பெருக்கிச் சரிபாருங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்திருக்கும், வேறு பாலிசி எடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அல்லது ஒரு தடவையாவது வாழவே வேண்டாமென்று தோன்றியது என்றால் இந்த நோட்டுப் பயிற்சி போதாது. உடனே 14416-ல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸைக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம்.

அடுத்து என்ன என்று யோசித்தே கண்டுபிடிக்க முயல வேண்டாம். பதவியும் கம்பெனியும் இல்லாமல், ஆட்கள் உங்களைத் தேடி வந்து கேட்ட உதவிகளைப் பத்து வரி எழுதுங்கள்: கடன் படிவம் நிரப்ப, எக்செல் சரிசெய்ய, பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர. அதில் ஒன்றை எடுத்து மூன்று பேருக்கு, ஆளுக்கு இரண்டு மணி நேரம் செய்து பாருங்கள். சின்னத் தொகையாவது வாங்குங்கள், சும்மா செய்தால் உண்மையில் வேண்டியதா என்று தெரியாது. ஒவ்வொன்றும் முடிந்ததும், நேரம் போனது தெரிந்ததா, மறுபடி கூப்பிட்டார்களா என்று அதே நோட்டில் குறியுங்கள். மூன்றிலும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் பட்டியலில் அடுத்த வரிக்குப் போங்கள்.