மூணு தடவை ஊபி

அண்ணா, வணக்கம்.

திருப்பூர்லேர்ந்து எழுதுறேன். எலெக்‌ஷன் ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் நரகமா இருக்கு. எங்க அக்கா வீட்டுக்காரரு பக்கா ஊபி, அதான் திமுககாரரு. நான் ஒரு மீம் போட்டேன், அதுக்கு என்னைய சங்கின்னாரு, நான் 200 ரூவா ஊபின்னு பதில் போட்டேன், கடைசில என் பொண்டாட்டியைப் பத்தி ஒரு வார்த்தை விட்டுட்டாரு. அந்த ஊபிகிட்ட இனி என்ன பேச்சு? அடுத்த மாசம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, போகவே மனசில்ல. தலைவருங்க பேசுற பேச்சுதானே இதுக்கெல்லாம் காரணம்? எலெக்‌ஷன் கமிஷன் என்ன பண்ணுது? நான் குரூப்பை விட்டு வெளிய வந்துடட்டுமா?

ஒரு வாசகர்

தம்பி,

உங்க கடிதத்துல ஊபிங்கற சொல் மூணு தடவை இருக்கு. மச்சான்ங்கற சொல் ஒரு தடவைகூட இல்ல. அக்கா வீட்டுக்காரருன்னு எழுதியிருக்கீங்க, ஏதோ எதிர்வீட்டுக்காரர் மாதிரி. படிச்சா கோவம் வரும், வரட்டும், ஆனா முழுசாப் படிங்க.

கமிஷன் கேள்வியை முதல்ல தள்ளி வச்சிடறேன். 2021 தேர்தல்ல ஆ.ராசா எடப்பாடி பழனிசாமியோட அம்மாவை இழுத்துப் பேசிட்டாருன்னு பெரிய சண்டையாச்சு, அவரு மன்னிப்பு கேட்டாரு, அப்படியும் 48 மணி நேரம் பிரச்சாரம் பண்ணக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அவங்களால அவ்வளவுதான் முடியும். மேடையில பேசறவருக்கு நோட்டீஸ் போகும், உங்களுக்கும் உங்க மச்சானுக்கும் யாரு அனுப்புவா? ஐடி விங், காசு வாங்கிட்டுப் பேசறாங்க, அதெல்லாம் இருக்கத்தான் செய்யுது. உங்களுக்கு யாரும் பத்து பைசா குடுக்கலியே, சும்மாத்தானே செஞ்சீங்க.

நான் கொஞ்ச நாளா மண்டையைக் குடைஞ்சிட்டிருந்தது அந்த ஊபியைப் பத்திதான். அது என்ன சொல்லுன்னு யோசிச்சீங்களா? உடன்பிறப்பு. கலைஞர் முரசொலியில உடன்பிறப்பேன்னு ஆரம்பிச்சு எத்தனை வருஷம் கடிதம் எழுதினாரு. அதுக்கு முன்னாடி அண்ணா தம்பிக்குன்னு எழுதினாரு. எம்ஜிஆர் மைக்கைப் பிடிச்சா ரத்தத்தின் ரத்தம்பாரு. அப்புறம் ஒரு கட்சி முழுக்க ஒரு பொம்பளையை அம்மான்னு கூப்பிட்டுச்சு. நம்ம அரசியல் மொத்தமும் உறவுமுறை வச்சுத்தான் கட்டினது தம்பி, அதனாலதான் தலைவரை ஒரு சொல் சொன்னா தொண்டனுங்களுக்கு சொந்த ஆத்தாளைச் சொன்ன மாதிரி பொத்துக்கிட்டு வருது, ரோடு போட்டியா தண்ணி விட்டியான்னு கேக்க வேண்டிய இடத்துல பங்காளி வெட்டுக்குத்து நடக்குது. இப்ப உடன்பிறப்பை ரெண்டெழுத்தாச் சுருக்கி வசவாக்கிட்டீங்க. தம்பின்னு சொன்னாலும் இன்னொரு கட்சிக்காரனைக் கிண்டல் பண்றதா ஆயிப்போச்சு. உங்களைத் தம்பின்னு கூப்பிடவே எனக்குக் கை கூசுது.

1967ல கிண்டல் இல்லியா? இருந்துச்சு. பக்தவத்சலம் அண்ணாச்சி அரிசி விலை என்னாச்சுன்னு தெருத்தெருவாக் கத்தினாங்க, காங்கிரஸ் ஆட்சியே போச்சு. ஆனா அதுல ஒரு அண்ணாச்சி இருக்காரு, அரிசி விலை இருக்கு. உங்க மீம்ல என்ன இருந்துச்சு? அந்தக் காலத்துல எல்லாரும் யோக்கியம்னு சொல்ல வரல. அப்பவும் மேடையில காது குடுத்துக் கேக்க முடியாத பேச்செல்லாம் ஓடிச்சு, நானே யோக்கியம் இல்ல, அதைத்தான் சொல்லப் போறேன்.

எங்க ஊரு தேனி பக்கம். அப்ப தேனி தனி மாவட்டம் இல்ல, மதுரைதான். எம்ஜிஆர் செத்து கட்சி ரெண்டாப் போயி, இரட்டை இலையை முடக்கிட்டாங்க. 1989 ஜனவரி தேர்தல்ல ஜெயலலிதாவுக்குச் சேவல், எம்ஜிஆர் சம்சாரம் ஜானகியம்மாவுக்கு இரட்டைப் புறா. மேற்கே போடியில ஜெயலலிதா நிக்குது, கிழக்கே ஆண்டிப்பட்டியில ஜானகியம்மா நிக்குது, நடுவுல நாங்க. எங்க அப்பா சேவல், சித்தப்பா புறா. ரெண்டு பேரும் எம்ஜிஆர் செத்தன்னிக்கு ஒண்ணா உக்காந்து மொட்டை போட்டவங்க. ரெண்டு பக்கமும் அந்த ரெண்டு பொம்பளைகளைப் பத்திப் பேசினதை இங்க எழுத முடியாது.

எனக்குப் பதினாறு வயசு. சேவல் கோஷ்டிக்குச் சுவர் எழுதற வேலை, நீலப்பொடி கரைச்சுக் குடுப்பாங்க, என் கையெழுத்து நல்லாருக்கும்னு பெருமை வேற. ஒரு ராத்திரி சித்தப்பா வீட்டுக்கு எதிர்ச்சுவர்ல ஒரு சேவல் புறாவைக் கொத்தற மாதிரி வரைஞ்சு, கீழே ஒரு வரி எழுதினேன். அது ஜானகியம்மாவைப் பத்தினதுதான், சத்தியமாச் சித்தியைப் பத்தி இல்ல. ஆனா சித்திக்குப் பிள்ளை இல்ல, அந்த வரி அதைத்தான் சொல்லுச்சு. எழுதும்போது எனக்கு அது தோணவே இல்ல, இப்ப வரைக்கும் அதான் என்னை உறுத்துது. நான் பாதி நாள் சாப்பிட்டது அவங்க கையால.

காலையில வாசல் தெளிக்க வந்தவங்கதான் முதல்ல பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. உள்ள போயி சுண்ணாம்பைக் கரைச்சு எடுத்துட்டு வந்து அவங்களே அடிச்சாங்க, நான் திண்ணையில உக்காந்து பாத்துட்டிருந்தேன். நீலம் விடல, காஞ்ச பெறவு வெள்ளைக்குள்ள மங்கலா அந்த எழுத்து தெரிஞ்சுச்சு, மறுநாள் திரும்பவும் அடிச்சாங்க.

திமுக ஜெயிச்சுச்சு. போடியில மட்டும் சேவல் ஜெயிச்சுச்சு, ஆண்டிப்பட்டியில புறா தோத்துப்போச்சு. கொஞ்ச நாள்ல ரெண்டு அணியும் ஒண்ணாச் சேந்து இரட்டை இலையும் திரும்பி வந்துச்சு, ஜானகியம்மா அரசியலே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கொடியைக் கட்டிக்கிட்டு ஒரே டீக்கடையில உக்காந்தாங்க. சித்தி மட்டும் எங்க வீட்டு வாசல் மிதிக்கல. என் கல்யாணத்துக்கும் வரல, சித்தப்பா மட்டும் வந்து மொய் எழுதிட்டுப் போனாரு.

சரி, உங்க விஷயம். மச்சான் சொன்ன வார்த்தை தப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது விழுந்தது உங்க மேல இல்ல, உங்க வீட்டம்மா மேல. அவங்க என்ன சொன்னாங்கன்னு கடிதத்துல ஒரு வரி இல்லியே தம்பி? கேட்டீங்களா? குரூப்புல இருந்தா என்ன, வெளிய வந்தா என்ன, அது உங்க இஷ்டம். காதுகுத்துக்குப் போக மனசில்லன்னு மட்டும் எழுதாதீங்க, நீங்க தாய்மாமன், புள்ளையை மடியில வச்சுக்க வேண்டியது நீங்க. வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு, அவங்க வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க, வரலன்னா அது ஏன்னு அங்க மச்சான் முகத்துக்கு நேரே சொல்லுங்க, போன்ல டைப் அடிக்காதீங்க. சீர்த்தட்டுல என்னென்ன வைக்கணும்னு அம்மாகிட்ட கேட்டு வச்சுக்குங்க, கடைசி நேரத்துல தோடு கிடைக்காது.