கண்ணுக்குத் தெரியாத கருந்துளை

கேள்வி: ஒளியையே விழுங்கிவிடும் கருந்துளை இருப்பதாக விஞ்ஞானிகள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கேட்கிறாள். விளக்குவீர்களா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்பட, அது தானே ஒளிர வேண்டும் அல்லது தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கருந்துளையின் எல்லைக்குள் சென்ற ஒளி வெளியேற முடியாததால் இரண்டுமே நடப்பதில்லை. ஆனால் அதன் ஈர்ப்பை மறைக்க முடியாது.

ஜூலை மாதம் இரவு பத்து மணிக்கு உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெற்கே பாருங்கள். துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது. தனுசு ராசியின் பிரகாசமான விண்மீன்கள் தெரியும். அத்திசையில், சுமார் 27,000 ஒளியாண்டு தொலைவில், நம் பால்வீதியின் மையம் இருக்கிறது. அங்கே எஸ்2 என்ற விண்மீன், வேறு விண்மீன் எதுவும் தென்படாத ஓர் இடத்தைச் சுமார் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. இத்தகைய விண்மீன்களின் பாதைகளை அகச்சிவப்புக் கதிர்களில் ஆண்டுக்கணக்காக அளந்து, நடுவிலிருப்பது சூரியனைப்போல் ஏறக்குறைய 40 லட்சம் மடங்கு நிறையுள்ளது என்று காட்டிய ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். என்னைக் கேட்டால், இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை.

வேறு வழிகளும் உண்டு. துணை விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு, உள்ளே விழுமுன் சுழன்று சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இவற்றை ஆராய்ந்திருக்கிறது. இரு கருந்துளைகள் மோதி இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகள், அதாவது வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகள், 2015-இல் முதன்முறையாகப் பதிவாயின. எம்87 என்ற தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2019-இல் வெளியானது. அதில் உங்கள் மகள் பார்த்திருக்கக்கூடிய ஆரஞ்சு வளையம் சுற்றியுள்ள வெப்ப வாயுவின் ஒளியே. நடுவிலுள்ள இருட்டுதான் கருந்துளையின் நிழல்.