மஞ்சள் கோடு

கேள்வி: அமெரிக்க நகரங்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுத்து, நகரமன்ற வட்டாரங்களுக்குப் புதிதாகக் கோடு போடுகிறார்களாமே? பினாங்கில் ஏன் செய்வதில்லை?
– ஒரு வாசகர், ஜெலுத்தோங்

பதில்: கோடு என்றாலே எனக்கு எங்கள் ஆபீஸ் வாசல்தான் ஞாபகம் வரும். வண்டி நிறுத்தக்கூடாதென்று மஞ்சள் கோடு போட வந்தார்கள். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. சுற்றி அழகாக வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் சைக்கிள் அன்று சாயங்காலமே போய்விட்டது. வளைவு மூன்று வருஷமாக இருக்கிறது. பக்கம் கட்டும் தம்பி அதற்குள்தான் பைக்கை நிறுத்துகிறான், சட்டப்படி!

அமெரிக்காவிலும் இதே கைவேலைதான். வட்டாரங்களில் தலைக்கணக்கு கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1968-இல் உள்ளாட்சிகளுக்கும் சொல்லிவிட்டது. கணக்கு சரியாக வந்தால் போதுமே, பதவியில் இருப்பவர் வீட்டைச் சுற்றிக் கோடு தாராளமாக வளையும். 1812-இல் மாசசூசெட்ஸ் கவர்னர் கெர்ரி ஒப்புதல் கொடுத்த தொகுதி ஒன்று சாலமாண்டர் மாதிரி இருக்கிறதென்று பத்திரிகை கேலிப்படம் போட, வேண்டியவருக்குச் சாதகமாகத் தொகுதிக் கோட்டை வளைப்பதற்கு, கெர்ரியையும் சாலமாண்டரையும் ஒட்டி ‘ஜெரிமாண்டர்’ என்ற சொல் பிறந்தது. சாலமாண்டர் பல்லி அல்ல, தவளைக்குச் சொந்தம். ‘பல்லித் தொகுதி’ என்று எழுதிவரும் பழைய நண்பருக்கு இதை நான்காவது முறையாகச் சொல்கிறேன். பல்லி விழுந்தால் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். இது யார் தலையில் விழுந்தாலும் பலன் வரைந்தவருக்குத்தான்.

பினாங்கா? 1951 ஜார்ஜ்டவுன் நகராண்மைத் தேர்தலில் தஞ்சோங், கெலாவை, ஜெலுத்தோங் என்று மூன்று வட்டாரங்கள் இருந்தன. உங்கள் ஜெலுத்தோங்தான் ஐயா! 1957-இல் மாநகரானதும் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் சாலையே இருக்கிறது. நம்மவர்கள் இன்னும் ஸ்காட் ரோடு என்றுதான் வழி சொல்கிறார்கள், அது என் தனி வயிற்றெரிச்சல்.

1965-இல் மலேசியாவில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். மோதல் அடுத்த வருஷமே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்தே விட்டது. இன்று உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. ஓட்டே இல்லாத இடத்தில் கோட்டை எங்கே போட?

நாடாளுமன்றத்துக்குக் கோடு உண்டு. 2022-இல் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சம் வாக்காளர்களுக்கு ஒரு எம்.பி.; சரவாக்கின் இகானில் 30,000 பேர்கூட இல்லை, அங்கும் ஒரு எம்.பி. அந்தக் கோட்டைப் பற்றி இன்னொரு இதழில்.

இந்தப் பக்கம் வந்தால் ஆபீசுக்கு வாருங்கள். வளைவுக்குள் இன்னொரு பைக்குக்கு இடமிருக்கிறது.